சீட்டு இல்லாத ஊசி

மாவட்ட அளவிலான ஆணழகன் போட்டிக்குத் தயாராகிற பையனிடம் "என்ன ஊசி போட்டுக்கிட்டே?" என்று கேட்டுப் பாருங்கள். மருந்தின் பெயர் வராது. "மாஸ்டர் போட்டாரு சார், பன்னிரண்டு வாரக் கோர்ஸ்" என்பான். அதை எழுதிக் கொடுத்த மருத்துவர் கிடையாது. கடை ரசீது கிடையாது. குப்பியின் லேபிளைக்கூட அவன் படித்திருக்க மாட்டான். விற்றவர், வாங்கி வந்தவர், ஊசி போட்டவர் என யாருடைய பெயரும் எந்தக் காகிதத்திலும் இருக்காது. நாளைக்குச் சிறுநீரகம் கெட்டாலும் சரி, ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினாலும் சரி, பதில் சொல்ல வேண்டியவன் அவன் ஒருவன்தான். அவனுக்காகவும் அவன் வீட்டாருக்காகவும் இதை எழுதுகிறேன்.

உடற்பயிற்சியைக் குறை சொல்ல வரவில்லை. விடியற்காலை ஜிம்மில் இரும்பைத் தூக்கிவிட்டு, எட்டு மணிக்கு லேத் பட்டறையிலோ கூரியர் வண்டியிலோ வேலைக்கு நிற்கும் இளைஞர்கள்தான் இந்த விளையாட்டில் அதிகம். சம்பளத்தில் பெரும்பகுதி முட்டைக்கும் கோழி நெஞ்சுக்கறிக்கும் போய்விடும். உப்பும் எண்ணெயும் இல்லாத டப்பாச் சாப்பாட்டை மாதக்கணக்கில் சாப்பிடுகிற வைராக்கியம் எல்லோருக்கும் வாய்க்காது. 1952-ல் மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டம் வென்ற வங்காளத்து மனோகர் ஐச், 2016-ல் காலமானபோது நூறு வயதைக் கடந்திருந்தார். பயிற்சியோடு அப்படியும் வாழ முடியும். மருந்து நுழைந்தால் கதை மாறிவிடுகிறது.

ஸ்டீராய்டு ஊசி என்பது பெரும்பாலும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அல்லது அதன் உறவு மருந்து. வெளியிலிருந்து வரத் தொடங்கியதும், சொந்தமாகச் சுரக்கச் சொல்லி மூளை அனுப்பும் கட்டளை நின்றுவிடும். விரை சுருங்கும், விந்தணு குறையும். கோர்ஸ் முடிந்த பிறகு பழைய நிலை திரும்ப மாதங்கள் ஆகும், சிலருக்கு வருடங்கள். இடைப்பட்ட காலத்தில் வரும் சோர்வும் மனச்சோர்வும்தான் அடுத்த கோர்ஸுக்குத் துரத்துகின்றன. ஹார்மோனில் ஒரு பங்கு ஈஸ்ட்ரோஜனாக மாறி மார்பு வீங்கும். நல்ல கொழுப்பு சரியும். ரத்தமும் இதயத்தின் சுவரும் தடிக்கும். விழுங்கும் மாத்திரைகளில் பல கல்லீரலைப் பதம் பார்க்கும். பெண்கள் எடுத்துக்கொண்டு குரல் கனத்துவிட்டால், மருந்தை நிறுத்தினாலும் பழைய குரல் திரும்பாமல் போகலாம்.

இவை மெல்ல வருபவை. ஒரே நாளில் ஆளைச் சாய்ப்பது 'தண்ணி கட்'.

போட்டி நாளில் கல்யாண மண்டபத்தின் பின்னறைக்குப் போனால் பார்க்கலாம். உடம்பு முழுக்கப் பழுப்புச் சாயம் பூசிய பையன்கள் சுவரில் கையூன்றித் தண்டால் எடுப்பார்கள். ரத்தம் தசைக்கு ஏற வேண்டும் என்று ரப்பர் பட்டையை இழுப்பார்கள், கடலை மிட்டாயை மெல்லுவார்கள். உதடு வெடித்திருக்கும். தண்ணீர் பாட்டில் மூடியளவு நாக்கை நனைத்துக்கொள்வதோடு சரி. கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் நீவிவிட்டபடியே "கட்ஸ் சூப்பரா வந்திருக்குடா" என்பார். அந்த இழுப்பு, உடல் விடுக்கும் எச்சரிக்கையாக இருக்கலாம். தோல் காகிதம்போல ஒட்டித் தெரிய வேண்டும் என்று தண்ணீரை நிறுத்துவதோடு, ஃப்யூரோசமைடு போன்ற சிறுநீர் பெருக்கும் மாத்திரையையும் போட்டுக்கொள்கிறார்கள். இதயம் செயலிழந்து நீர் கோத்த நோயாளிக்குத் தரும் மருந்து அது. நீரோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றும். பொட்டாசியம் எல்லை தாண்டிக் குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகி நிற்கலாம். தொழில்முறை ஆணழகன் முகமது பெனாசிசா 1992-ல் நெதர்லாந்தில் போட்டியை வென்ற சில மணி நேரத்திலேயே இறந்தார். ஆஸ்திரியாவின் ஆண்ட்ரியாஸ் முன்சர் 1996-ல் இறந்தபோது அவருக்கு வயது 31. உலகப் புகழ் பெற்றவர்களுக்கே இந்தக் கதி. மண்டபத்துப் பின்னறையில் ஒரு மருத்துவராவது இருக்கிறாரா என்று போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன்பே கேளுங்கள்.

இன்னொன்று மெஃபென்டெர்மின். அறுவை சிகிச்சையின்போது விழும் ரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்து. 'எனர்ஜி ஊசி' என்று ஜிம்களில் புழங்குகிறது. பயிற்சிக்கு முன் இதைப் போட்டுக்கொண்டு எடை தூக்குவது, ஏற்கெனவே வேகமாக ஓடும் இதயத்தைச் சாட்டையால் அடிப்பதற்குச் சமம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1940-ம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் விதிகளில் ஸ்டீராய்டுகள் 'எச்' அட்டவணையில் வருகின்றன. பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது. மருந்துக் கடைக்கே அந்த நிபந்தனை என்றால், உரிமமே இல்லாத ஜிம் மாஸ்டர் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து விற்பது அப்பட்டமான குற்றம். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். உயிருக்கு ஆபத்து விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-ம் பிரிவில் காவல் நிலையத்தில் வழக்கு பதியச் சொல்லலாம். மருந்தால் பக்கவிளைவு வந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். ஆனால் எதற்கும் ஆதாரம் வேண்டும். காலிக் குப்பி, தொகுதி எண், ஜிபே பரிமாற்றம், வாட்ஸ்அப்பில் வந்த "டோஸ்" செய்தி எதையும் அழிக்காதீர்கள்.

புரோட்டீன் பவுடர் விஷயத்திலும் ரசீதுதான் காப்பு. 2024-ல் வெளியான ஓர் ஆய்வில், இந்தியச் சந்தையில் கிடைக்கும் 36 புரோட்டீன் பவுடர்களைச் சோதித்ததில் சுமார் 70 சதவீதத்தில் லேபிளில் போட்ட புரத அளவும் உள்ளே இருந்ததும் ஒத்துப்போகவில்லை. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம், 2006-ன் 40-ம் பிரிவு நுகர்வோருக்கு ஒரு நல்ல உரிமையைத் தருகிறது. வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் செலுத்தி, பொருளை உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். கலப்படமோ விதிமீறலோ உறுதியானால் அந்தக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். நஷ்டஈட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணமே இல்லை. வழிகாட்டுதலுக்கு 1915-ஐ அழைக்கலாம். ஜிம் சந்தா, போட்டி நுழைவுக் கட்டணத் தகராறுகளுக்கும் இதே வழிதான்.

ஊக்கமருந்துச் சோதனை பலருக்குக் கனவிலும் வராத விஷயம். "அதெல்லாம் ஒலிம்பிக்காரங்களுக்கு" என்கிறார்கள். தவறு. தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடா, ஆணழகன் போட்டிகளிலும் மாதிரி எடுக்கிறது. 2022-ல் இதற்கெனத் தனிச் சட்டமே வந்துவிட்டது. "மாஸ்டர் போட்டார், எனக்குத் தெரியாது" என்ற பதில் அங்கே செல்லாது. உடலில் என்ன இருக்கிறதோ அதற்கு வீரரே பொறுப்பு. ஸ்டீராய்டு என்றால் முதல் முறையிலேயே நான்கு ஆண்டு வரை தடை. பயந்து சுவரேறிக் குதித்து ஓடினாலும் அதே நான்கு ஆண்டு. ஊசி போட்ட பயிற்சியாளருக்கும் தடை உண்டு, ஆயுள் முழுக்கக்கூட. ஆனால் அவர்தான் போட்டார் என்று நிரூபிக்க, மேலே சொன்ன ஆதாரங்கள் உங்களிடம் இருக்க வேண்டும்.

சோதனைக்கு அழைத்தால் பதறாதீர்கள். வந்த அதிகாரியின் அடையாள அட்டையைக் கேட்கலாம். உங்கள் தரப்பு ஆள் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளலாம். மாதிரிப் பெட்டியை நீங்களே தேர்ந்தெடுத்து, முத்திரையும் எண்ணும் சரியா என்று பார்க்கலாம். சாப்பிடும் மருந்து, பவுடர் அனைத்தையும் படிவத்தில் எழுதுங்கள். குறை இருந்தால் அதையும் எழுதிவிட்டே கையெழுத்துப் போடுங்கள். நகலைக் கேட்டு வாங்குங்கள். முடிவு பாதகமாக வந்தால், உங்கள் மாதிரியில் தனியே பிரித்து வைத்திருக்கும் இரண்டாவது பங்கான 'பி' மாதிரியைச் சோதிக்கச் சொல்லவும், ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் முன் வாதாடவும், பிறகு மேல்முறையீடு செய்யவும் உரிமை உண்டு. நான்கு ஆண்டுத் தடைக்குரிய குற்றச்சாட்டை, அறிவிப்பு கிடைத்த 20 நாளுக்குள் தண்டனையோடு சேர்த்து ஒப்புக்கொண்டால் ஓராண்டு குறையலாம். கலப்பட பவுடர்தான் காரணம் என்று நிரூபித்தாலும் குறையும். அதற்கு ரசீதும் பிரிக்காத இன்னொரு டப்பாவும் கையில் இருப்பது பெரிய பலம். நோய்க்காகத் தடை செய்யப்பட்ட மருந்தை எடுக்க வேண்டியிருந்தால், சிகிச்சை விலக்குக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்காகவே மேடையேறுகிறவர்கள், போட்டி நடத்தும் சங்கத்தின் சான்றிதழ் செல்லுமா என்று அந்த வேலைக்கான அறிவிப்பைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். சங்கங்கள் பல, எல்லாக் கோப்பையும் வேலைக்கு உதவாது.

ஏற்கெனவே கோர்ஸில் இருப்பவர்களுக்கு: ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டதற்காக உங்களை யாரும் சிறையில் போட மாட்டார்கள். வெட்கப்படாமல் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பாருங்கள். மாஸ்டர் தரும் 'கிளீனிங்' மாத்திரையை நம்பாதீர்கள். ரத்தப் பரிசோதனைக்கு முன் சில நாள் கடும் பயிற்சியைத் தவிருங்கள். பயிற்சியாலேயே கல்லீரல் நொதிகளும், தசை அதிகம் என்பதாலேயே கிரியாட்டினினும் கூடிக் காட்டலாம் என்பதால், நீங்கள் ஜிம் செல்வதை மருத்துவரிடம் சொல்வது முக்கியம். நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம், காபி நிறச் சிறுநீர், ஒரு காலில் மட்டும் வீக்கம் இவற்றில் எது வந்தாலும் மாஸ்டருக்கு போன் போடாமல் 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸில் ஏறும்போது அந்தக் குப்பியையும் எடுத்துச் செல்லுங்கள். என்ன மருந்து உள்ளே போயிருக்கிறது என்று தெரிந்தால்தான் மருத்துவரால் சரியான சிகிச்சையைத் தொடங்க முடியும்.