மண்ணுக்கடியில் மதிய ஜெபம்

டூனா மீன் ஒரு தேக்கரண்டி, கொஞ்சம் பால், ஒரு பிஸ்கட். 2010 ஆகஸ்டில் சிலி நாட்டின் சான் ஹோசே சுரங்கத்தில் மாட்டிக்கொண்ட 33 பேருக்கும் கிடைத்த சாப்பாடு அவ்வளவுதான். முதலில் நாளுக்கு ஒருவேளை; கையிருப்பு கரையக் கரைய, இரண்டு நாளைக்கு ஒருவேளை. அதை வாயில் வைப்பதற்கு முன் அவர்கள் ஒன்றாகக் கூடி ஜெபித்தார்கள்.

ஆகஸ்ட் 5 மதியம் அந்த விபத்து நடந்தது. அத்தகாமா பாலைவனத்தில், கோபியாபோ நகருக்கு அருகே உள்ள அந்தத் தாமிர, தங்கச் சுரங்கத்துக்குள் மலையின் ஒரு பகுதியே பெயர்ந்து விழுந்து பாதையை அடைத்துவிட்டது. காற்றுக்காகக் குடைந்திருந்த துளை வழியே ஏறித் தப்பிக்கப் பார்த்தார்கள். மேலே வரை போயிருக்க வேண்டிய ஏணி இல்லை. உள்ளே 30 டிகிரிக்கு மேல் புழுக்கம். குடிக்க, இயந்திரங்களுக்காக வைத்திருந்த எண்ணெய் வாடை அடிக்கும் தண்ணீர். பசி தாங்காத சிலர் முதல் நாளே உணவுப் பெட்டியைத் திறந்து தின்றுவிட்டார்கள்.

ஹோசே ஹென்ரிக்கஸ் அங்கே துளையிடும் இயந்திரத்தில் வேலை பார்த்தவர். பாஸ்டர் அல்ல, சுவிசேஷ சபையைச் சேர்ந்த ஒரு விசுவாசி, அவ்வளவுதான். சக தொழிலாளி மரியோ செபுல்வேதா, ஜெபத்தை நடத்தும்படி அவரிடம் கேட்டார். மற்றவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள்; மதத்தைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ளாதவர்களும் இருந்தார்கள். எல்லோரும் மண்டியிட்டார்கள். ஹென்ரிக்கஸுக்கு 'பாஸ்டர்' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

அந்த ஜெபவேளையில் நடந்த இன்னொன்றுதான் முக்கியமானது. ஜெபத்தோடு ஜெபமாக மன்னிப்புக் கேட்பதும் சேர்ந்துகொண்டது. கத்தியவர், கைநீட்டப் போனவர், முதல் நாள் உணவை எடுத்துத் தின்றவர் என்று ஒவ்வொருவராக எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டார்கள். அடைபட்ட இடத்தில், பட்டினியில், 33 பேர் ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளாமல் இருந்ததற்கு இது ஒரு பெரிய காரணம் என்றே தோன்றுகிறது. வானத்திலிருந்து திடீரென்று இறங்கிய அமைதி இல்லை அது. நாள்தோறும் மதியம் நேரம் குறித்துக் கூடி, கசப்பைக் கழுவி உண்டாக்கிக்கொண்டது.

அதனால் பயம் போய்விட்டதா என்றால், இல்லை. மேலே துளையிடும் சத்தம் கேட்கும், நெருங்கி வரும், பிறகு வேறு பக்கமாக விலகிப்போய்விடும். கடைசிக் கடிதம் எழுதி வைத்தவர்களும் உண்டு.

17ஆம் நாள், ஆகஸ்ட் 22 அன்று, 688 மீட்டர் ஆழத்தில் ஒரு துளைக்கருவி அவர்கள் இருந்த பகுதிக்குள் வந்து நின்றது. 33 பேரும் நலம் என்று சிவப்பு மையில் எழுதிய துண்டுச்சீட்டு அதோடு கட்டப்பட்டு மேலே போனது. அதன்பின் அந்தத் துளை வழியாகவே உணவும் மருந்தும் கடிதங்களும் சிறிய பைபிள்களும் இறங்கின. ஆச்சரியம் என்னவென்றால், வயிறு நிறையத் தொடங்கியதும் ஜெபத்துக்கு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. உலகெங்கும் ஆலயங்களில் நடப்பதுதான்.

அக்டோபர் 13 அன்று, 69ஆம் நாள், 'ஃபீனிக்ஸ்' என்ற ஒடுங்கிய இரும்புக் கூண்டில் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். அணிந்திருந்த சட்டையில் கடவுளுக்கு நன்றி; முதுகில், பூமியின் ஆழங்களும் அவர் கையில் என்ற பொருள்படும் 95ஆம் சங்கீத வசனம். 2011 பிப்ரவரியில் ஹென்ரிக்கஸ் வாஷிங்டனில் நடந்த தேசிய ஜெபக் கூட்டத்துக்குப் போனார். தோழர்களில் பலரோ கெட்ட கனவும் தூக்கமின்மையுமாக மனநல மருத்துவர்களை நாடினார்கள். புத்தகம், சினிமா உரிமை, பணம் என்று அவர்களுக்குள் மனத்தாங்கலும் வளர்ந்தது. அதைப் பேசித் தீர்க்க, மேலே மதிய ஜெபம் இருக்கவில்லை.