உங்களுக்குத் தெரியுமா? காஸ்ட்கோவைக் கட்டிய ஜிம் சினெகல்

அமெரிக்காவின் மாபெரும் கிடங்குக் கடை நிறுவனமான காஸ்ட்கோவை நிறுவி, ஏறத்தாழ 28 ஆண்டுகள் தலைமை தாங்கி நடத்திய ஜிம் சினெகல், இந்தத் தொழிலுக்கு வந்தது மெத்தை இறக்கத்தான். 1954. அவருக்கு 18 வயது. பிட்ஸ்பர்க் நகரத்து உழைப்பாளர் குடும்பத்துப் பையன், கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். புதிதாகத் திறந்த ஒரு தள்ளுபடிக் கடைக்கு மெத்தைகள் வந்திருக்கின்றன, இறக்க ஆள் வேண்டும் என்று நண்பர் ஒருவர் கூப்பிட்டார். போனவர் அங்கேயே தங்கிவிட்டார். கடையின் பெயர் ஃபெட்-மார்ட். மூட்டை இறக்கிய இளைஞர் படிப்படியாக உயர்ந்து அந்த நிறுவனத்தின் துணைத் தலைவர்களில் ஒருவரானார்.

*

ஃபெட்-மார்ட்டின் நிறுவனர் சோல் பிரைஸ், அடிப்படையில் ஒரு வக்கீல். சினெகலின் கதையை இவரை விட்டுவிட்டுச் சொல்லவே முடியாது. பிரைஸிடம் நிறையக் கற்றிருப்பீர்களே என்று ஒருமுறை கேட்டபோது, நிறைய என்பது தவறு, தெரிந்த எல்லாமே அவரிடம் கற்றதுதான் என்று சினெகல் திருத்தினார்.

1975-ல் ஃபெட்-மார்ட் ஒரு ஜெர்மானிய வியாபாரியின் கைக்குப் போனது. சில மாதங்களில் பிரைஸை வெளியே அனுப்பிவிட்டார்கள். அப்போது அவருக்கு 60 வயதை எட்டும் பருவம். மனிதர் சோர்ந்து உட்காரவில்லை. மறு ஆண்டே சான் டியாகோவில், முன்பு விமானத் தொழிலுக்குப் பயன்பட்ட ஒரு பழைய கட்டடத்தைப் பிடித்து ‘பிரைஸ் கிளப்’பைத் தொடங்கினார். உள்ளே நுழையவே ஆண்டுக்கு 25 டாலர் சந்தா கட்ட வேண்டும்! முதலில் சிறு வியாபாரிகளுக்கு மட்டும்தான் அனுமதி. அலங்காரம் கிடையாது, விளம்பரம் கிடையாது. சரக்கு வந்த பலகையோடு அப்படியே தரையில் இருக்கும். இன்று உலகம் முழுக்க நடக்கும் சந்தாக் கிடங்குக் கடைகளுக்கெல்லாம் மூலம் இதுதான். வால்மார்ட்டின் சாம் வால்டன்கூட, வேறு எவரிடம் எடுத்ததற்கும் குறையாத அளவு யோசனைகளைப் பிரைஸிடம் எடுத்துக்கொண்டதாகத் தம் சுயசரிதையில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

*

பிரைஸ் கிளப்பின் பாணியிலேயே சினெகல் தொடங்கிய காஸ்ட்கோவின் முதல் கடை சியாட்டிலில் 1983 செப்டம்பர் 15 அன்று திறந்தது. கூட்டாளி ஜெஃப்ரி பிராட்மன். இவரும் வக்கீல், அதோடு துணி வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. பூஜ்யத்தில் தொடங்கி ஆறு ஆண்டுகளுக்குள் 300 கோடி டாலர் விற்பனையைத் தொட்ட முதல் நிறுவனம் தாங்களே என்று காஸ்ட்கோ பெருமையோடு சொல்லிக்கொள்கிறது. பத்து ஆண்டுகள் கழித்து, 1993-ல், பிரைஸ் கிளப்பும் காஸ்ட்கோவும் ஒன்றாக இணைந்தன. குருவின் கடையும் சீடரின் கடையும் ஒரே கல்லாவுக்குள் வந்தன.

*

சினெகல் தமக்குத் தாமே ஒரு வேலி போட்டுக்கொண்டார். பிற நிறுவனங்களின் பொருள் என்றால் வாங்கிய விலைக்கு மேல் 14 சதவீதம், சொந்த முத்திரையான கிர்க்லண்ட் சிக்னேச்சர் என்றால் 15 சதவீதம். அதற்கு மேல் ஒரு காசு ஏற்றக் கூடாது. சூப்பர் மார்க்கெட்டுகள் 25 சதவீதமும், பெரிய பல்பொருள் அங்காடிகள் 50 சதவீதமும் அதற்கு மேலும் ஏற்றி விற்கும் நாடு அது.

ஒருமுறை கால்வின் க்ளைன் ஜீன்ஸ் மலிவாக மாட்டியது. அதுவரை 29.99 டாலருக்கு விற்றதை அதே விலைக்கே விற்றிருந்தாலும் ஜனங்கள் அள்ளிக்கொண்டுதான் போயிருப்பார்கள். ஒவ்வொரு ஜீன்ஸிலும் 7 டாலர் கூடுதல் லாபம் நின்றிருக்கும். சினெகல் விலையை 22.99 ஆக்கினார். ஒருமுறை கூட்டி வைத்து ருசி கண்டால் அது ஹெராயின் மாதிரி, மறுபடி மறுபடி கேட்கும் என்பது அவர் கருத்து. வியாபாரத்தில் கட்டுப்பாடு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

*

காஸ்ட்கோவில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கும் ஒரு மீன் கதை உண்டு. 1996-ல் சால்மன் மீன் துண்டு பவுண்டு 5.99 டாலருக்குப் போய்க்கொண்டிருந்தது. கொள்முதல் ஆட்கள் வயிற்றுக் கொழுப்பு, முதுகுத் துடுப்பு, கழுத்தெலும்பு எல்லாம் நீக்கிய துண்டை முன்பைவிடக் குறைந்த விலைக்குப் பேசி முடித்தார்கள். சரக்கின் தரம் உயர்ந்துவிட்டது, ஆனால் கடை விலை 5.29-க்கு இறங்கியது. அதோடு விடவில்லை. அடுத்து, தோலை முழுக்க உரித்து, சதைக்குள் ஒளிந்திருக்கும் ஊசி முள்ளையும் பிடுங்கி எடுத்த மீன். விலை 4.99. பிறகு கனடாவிலும் சிலியிலும் உள்ள மீன் பண்ணைகளிடம் நேரடியாகவே மொத்தக் கொள்முதல் செய்து 4.79. மீன் வாங்கிச் சமைப்பவர்களுக்குத் தெரியும், முள் எடுத்த துண்டுக்குக் கடைக்காரர் விலையைக் கூட்டுவார். இங்கே கத்தி பட்ட ஒவ்வொரு தடவையும் விலை குறைந்தது!

*

காஸ்ட்கோ கடையில் இருக்கும் பொருள் வகைகள் ஏறத்தாழ 4,000 தான். வழக்கமான சூப்பர் மார்க்கெட்டில் 30,000-க்கும் மேல் இருக்கும். வகை குறைந்தால் ஒவ்வொன்றிலும் கொள்முதல் அளவு பெருகும். அளவு பெருகினால் பேரம் பேசும் பலம் வரும். லாபத்தின் பெரும்பகுதி பொருளிலிருந்து வருவதில்லை, சந்தாப் பணத்திலிருந்து வருகிறது.

*

இவ்வளவு மலிவாக விற்பவர் தொழிலாளர் வயிற்றில்தான் அடித்திருப்பார் என்று நினைப்பீர்கள். இல்லை. 2005-ல் காஸ்ட்கோ தொழிலாளரின் சராசரி ஊதியம் மணிக்கு 17 டாலர். நேர் போட்டியாளரான சாம்ஸ் கிளப்பைவிட 42 சதவீதம் அதிகம். மருத்துவக் காப்பீட்டுச் செலவிலும் பெரும்பகுதியை நிறுவனமே ஏற்றது. வால் ஸ்ட்ரீட் ஆய்வாளர்களுக்கு இது பொறுக்கவில்லை. இங்கே பங்குதாரராக இருப்பதைவிட ஊழியராகவோ வாடிக்கையாளராகவோ இருப்பது மேல் என்று ஒருவர் குறைபட்டுக்கொண்டார்.

சினெகலின் கணக்கு வேறு. நல்ல சம்பளம் கொடுத்தால் ஆள் நிற்பார். நிற்கும் ஆளுக்கு வேலை தெரியும். புது ஆளைத் தேடிப் பயிற்சி கொடுக்கும் செலவு மிச்சம். அந்தக் காலத்தில் ஓராண்டைத் தாண்டிய ஊழியர்களில் வேலையை விட்டுப் போனவர்கள் ஆண்டுக்கு 6 சதவீதம் மட்டுமே. சரக்குத் திருட்டும் மிகச் சொற்பம். இது தர்மம் அல்ல, நல்ல வியாபாரம் என்று அவர் ஓயாமல் சொன்னார். என்னைக் கேட்டால் இரண்டும்தான்.

பொருளாதாரச் சரிவில் அமெரிக்கக் கடைகள் ஆட்குறைப்பில் இறங்கியிருந்த 2009-ல், மூன்று ஆண்டுகளில் மணிக்கு ஒன்றரை டாலர் ஊதிய உயர்வுக்கு அவர் ஒப்புதல் கொடுத்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

*

அவருடைய சொந்தச் சம்பளம்? பல ஆண்டுகள் 3,50,000 டாலர். போனஸும் பங்குகளும் தனி என்றாலும், அத்தனை பெரிய நிறுவனங்களின் தலைவர்களோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை. சட்டையில் ‘ஜிம்’ என்று மட்டும் எழுதிய பெயர் அட்டை. தொலைபேசி அடித்தால் அவரே எடுப்பார். ஆண்டுக்கு 200 கடைகள் வரை நேரில் போய்ச் சுற்றிப் பார்ப்பார்.

*

2012 ஜனவரி 1, அவருடைய 76-வது பிறந்த நாள். அன்று தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். அதற்கு முந்தைய நிதியாண்டில் நிறுவனத்தின் வருவாய் ஏறத்தாழ 8,900 கோடி டாலர். அவர் இடத்துக்கு வந்தவர் வெளியாள் அல்ல. 1984-ல் ஒரு கடையின் மேலாளராகச் சேர்ந்த கிரெய்க் ஜெலினெக்.

*

கடைசியாக ஹாட் டாக். ரொட்டிக்குள் வைத்த மாட்டிறைச்சிக் குழலும் ஒரு கோப்பைக் குளிர்பானமும் சேர்த்து 1980-களின் நடுவிலிருந்து ஒன்றரை டாலர். நஷ்டம் தாங்கவில்லை, விலையைக் கூட்டலாம் என்று ஜெலினெக் ஒருநாள் சினெகலிடம் போனார். கூட்டினால் கொன்றுவிடுவேன், வேறு வழி கண்டுபிடி என்று பதில் வந்தது. ஜெலினெக்கே பின்னாளில் மேடையில் சொன்ன செய்தி இது. வேறு வழியும் கிடைத்தது: ஹாட் டாக்கை வெளியில் வாங்குவதை நிறுத்திவிட்டுச் சொந்தமாக ஆலை போட்டார்கள். முதலில் கலிஃபோர்னியாவில், பிறகு இல்லினாய்ஸில். ஆண்டுக்குப் பத்துக் கோடிக்கும் மேல் விற்கிறது. சினெகல் பதவியை விட்டு எத்தனையோ ஆண்டுகள் ஆன பின்னும் அதன் விலை அதே ஒன்றரை டாலர்தான்.