இரும்புக்கு ஒரு காப்பீடு, ஆளுக்கு ஒரு காப்பீடு

காரைக்காலில் ஜிம் நடத்துபவருக்கு இரண்டு திசையிலிருந்து நஷ்டம் வரலாம். ஒன்று கடல் பக்கமிருந்து: 2004 டிசம்பர் 26 சுனாமி, 2008 நவம்பரில் காரைக்காலை ஒட்டிக் கரையேறிய நிஷா புயல், 2018 நவம்பர் 16 கஜா. இன்னொன்று கூடத்துக்குள்ளிருந்து: பெஞ்ச் பிரஸ் போடும் பையனின் மார்பில் பார்பெல் இறங்கிவிடுகிறது. முதலாவதற்கு எடுத்த பாலிசி இரண்டாவதற்கு உதவாது. கடன் கொடுத்த வங்கி கேட்டதற்காக எடுக்கும் காப்பீடு பொதுவாக மெஷின்களை மட்டுமே காக்கும். அவற்றில் பயிற்சி செய்பவரைக் காக்காது.

பொருட்களுக்கான காப்பீடு

ஓரிடத்தில் உள்ள சொத்தின் மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய்க்குள் இருந்தால் ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ பாலிசி எடுக்கலாம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த இந்தப் பொது வடிவம் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. தீ, மின்னல், புயல், வெள்ளம், நிலநடுக்கம், சுனாமி எல்லாம் இதில் அடங்கும்.

அடங்காதவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். உப்புக்காற்றில் பிடிக்கும் துரு தேய்மானக் கணக்கில் சேரும். அதற்குப் பணம் வராது. ஷார்ட் சர்க்யூட்டில் டிரெட்மில்லின் போர்டு கருகினால் அந்த மெஷினுக்குக் கிடைக்காது. அதிலிருந்து தீ பரவி மற்றவை எரிந்தால் அவற்றுக்குக் கிடைக்கும். மெஷின் பழுதுக்கும், பூட்டை உடைத்துத் திருடுவதற்கும் தனித்தனிப் பாலிசிகள் உண்டு.

காப்பீட்டுத் தொகையைக் குறைத்துப் போட்டால் கிளைமில் அடிபடும். இன்று புதிதாக வாங்க 20 லட்சம் ஆகும் மெஷின்களை 10 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்தால், 4 லட்சம் நஷ்டத்துக்குப் பாதியான 2 லட்சம்தான் கணக்கில் எடுக்கப்படும். குறைவு 15 சதவீதத்துக்குள் இருந்தால் மட்டுமே இந்தப் பாலிசியில் விட்டுக்கொடுப்பார்கள். ஆகவே பழைய பில்லை விட்டுவிட்டு இன்றைய விலையைப் போடுங்கள். வாடகைக் கட்டடம் என்றால், நீங்கள் செலவழித்துப் போட்ட ரப்பர் தரை, கண்ணாடி, ஏ.சி. ஆகியவற்றையும் பட்டியலில் சேருங்கள்.

புயல் கூண்டு ஏற்றிய பிறகு பாலிசி எடுத்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். காப்பீட்டுச் சட்டத்தின்படி பிரீமியம் போய்ச் சேராமல் நிறுவனம் பொறுப்பேற்காது. புயல் நெருங்கும்போது புதிய பாலிசி தர மறுக்கவும் கூடும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, செப்டம்பருக்குள் முடித்துவிடுவது நல்லது.

ஆட்களுக்கான காப்பீடு

‘எனக்கு என்ன நேர்ந்தாலும் நானே பொறுப்பு’ என்று உறுப்பினரிடம் வாங்கும் கையெழுத்து முழுப் பாதுகாப்பு ஆகாது. அறுந்துபோகும் நிலையில் இருந்த கேபிளை மாற்றாமல் விட்டிருந்தாலோ, தகுதியில்லாதவரைப் பயிற்சியாளராக வைத்திருந்தாலோ, அது கவனக்குறைவு. கட்டணம் கொடுத்துச் சேவை பெற்றவர் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இழப்பீடு கேட்கலாம்.

இதற்கு உதவுவது பொதுப் பொறுப்புக் காப்பீடு, அதாவது பப்ளிக் லயபிலிட்டி பாலிசி. தீர்ப்பாகும் இழப்பீட்டையும் வழக்குச் செலவையும் பாலிசியின் வரம்புக்குள் நிறுவனம் ஏற்கும். ஒரு விபத்துக்கு எவ்வளவு, ஓராண்டுக்கு மொத்தம் எவ்வளவு என்ற இரண்டு வரம்புகளையும் பாருங்கள். பயிற்சியாளர் தவறாகச் சொல்லிக்கொடுத்ததால் வரும் காயமும் சேருமா என்று எழுத்தில் கேளுங்கள். சேராவிட்டால் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு தேவை. ஜும்பா, பாக்ஸிங், கடற்கரையில் காலை வகுப்பு என்று எது நடத்தினாலும் முன்கூட்டியே தெரிவியுங்கள். சொல்லாத வகுப்பில் நடக்கும் விபத்துக்கான கிளைம் நிராகரிக்கப்படலாம்.

யார் தவறும் இல்லாமல் ஒருவருக்கு அடிபட்டால் பொறுப்புக் காப்பீடு பணம் தராது. அதற்கு உறுப்பினர்களுக்கான குழு விபத்துக் காப்பீடு இருக்கிறது. ஊழியருக்கு வேலையில் அடிபட்டால் இழப்பீடு தருவது முதலாளியின் சட்டக் கடமை; 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் இ.எஸ்.ஐ. பொருந்துமா என்று பார்க்க வேண்டும். அதற்குள் வராதவர்களுக்கு ஊழியர் இழப்பீட்டுப் பாலிசி எடுக்கலாம்.

கிளைம் வரும்போது

தண்ணீர் புகுந்தால் உடனே நிறுவனத்துக்குத் தெரிவித்துப் படம் எடுங்கள். சர்வேயர் பார்க்கும்வரை கெட்டுப்போன பொருளைத் தூக்கிப் போடாதீர்கள். ஆளுக்கு அடிபட்டால் முதலில் ஆஸ்பத்திரி. பிறகு நடந்ததை அன்றே பதிவேட்டில் எழுதி நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். நிறுவனத்தைக் கேட்காமல் இவ்வளவு தருகிறேன் என்று எழுதிக்கொடுத்தால் கிளைமே சிக்கலாகும். மெஷின் சர்வீஸ் பில்களும் பயிற்சியாளர் சான்றிதழ்களும் அப்போது உங்களுக்குச் சாட்சி சொல்லும்.

கிளைம் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் செய்யுங்கள். ஒரு மாதத்தில் தீராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தனிநபர் உரிமையில் நடக்கும் தொழில்களும் குறுந்தொழில்களும் கட்டணமின்றி முறையிடலாம்.  காரைக்கால் குறைதீர்ப்பாளரின் சென்னை அலுவலகத்தின் கீழ் வரும்.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் எடுக்கக் கைவசம் பணம் இல்லையென்றால், பொறுப்புக் காப்பீட்டைத் தள்ளிப்போடாதீர்கள். மெஷின் போனால் அதன் விலையோடு நஷ்டம் நின்றுவிடும். இருபது வயதுப் பையனுக்கு முதுகெலும்பு பாதித்தால் அந்தக் குடும்பம் வாழ்நாள் முழுக்கச் செலவழிக்க வேண்டிவரும். அந்த நாளில் அவர்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கும் வழி உங்களிடம் இருக்க வேண்டும்.