அதட்டாமல் வென்ற ஆசான்

"அடியாத மாடு படியாது" என்னும் பழமொழி ஒலிக்காத வீடு நம்மிடையே அரிது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போதே, "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்" என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டு வந்த தந்தையரை மூத்த வாசகர்கள் நன்கறிவர். கண்டிப்பு என்றாலே கடுமைதான் என்று எண்ணிப் பழகிவிட்டோம். அந்த எண்ணத்தை ஏறத்தாழ எழுபது ஆண்டுக்காலம் ஆடுகளத்தில் உரசிப் பார்த்த ஒருவரைப் பற்றி இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். அவர் அமெரிக்காவின் சிறிய கல்லூரி ஒன்றில் கால்பந்துப் பயிற்சியாளராக இருந்த ஜான் கலார்டி. அவருடைய வழிமுறையை நாடே திரும்பிப் பார்த்த ஆண்டு 2003.

முரட்டு விளையாட்டு

அமெரிக்கர் கால்பந்து என்று அழைப்பது நாம் அறிந்த கால்பந்து அன்று. பந்து முட்டை வடிவினது. அதைப் பெரும்பாலும் கைகளால் எறிந்தும், ஏந்திக்கொண்டு ஓடியுமே ஆடுவர். பக்கத்துக்கு 11 பேர். கோட்டுக்குக் கோடு 100 கெஜ நீளமுள்ள களம். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும்; தவறினால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணியின் இறுதிக் கோட்டைக் கடந்து பந்தைக் கொண்டுசேர்த்தால் 6 புள்ளிகள்.

பந்தோடு ஓடுபவனைப் பாய்ந்து பிடித்துத் தரையில் வீழ்த்துவதே தற்காப்பு. ஆகவே தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்தே களம் இறங்குவர். 1905-ஆம் ஆண்டில் இவ்விளையாட்டால் இளைஞர் பலர் உயிரிழந்தபோது, குடியரசுத் தலைவர் தியோடர் ரூசவெல்ட் கல்லூரிப் பயிற்சியாளர்களை வெள்ளை மாளிகைக்கே அழைத்துப் பேச நேர்ந்தது. இத்தகைய விளையாட்டில் இரக்கத்துக்கு இடமேது என்று நீங்கள் கேட்கக்கூடும்.

அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டில் படிநிலைகள் உண்டு. பெரிய பல்கலைக்கழகங்களின் ஆட்டங்களைக் காண லட்சம் பேர் கூடுவர், பணமும் புரளும். மூன்றாம் பிரிவு எனப்படும் சிறு கல்லூரிகளோ விளையாட்டுத் திறனுக்காக எவருக்கும் உதவித்தொகை வழங்கலாகாது என்பது விதி. அங்கே ஆடுபவன் மற்றவர்களைப் போலப் படிக்க வந்த மாணவனே. செப்டம்பர் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் சனிக்கிழமைகளில், வாரத்துக்கு ஓர் ஆட்டம். அதன்பின் தேர்ந்த அணிகள் மட்டும், தோற்றால் வெளியேறும் முறையில், இறுதிப் போட்டி வரை மோதும்.

பதினாறு வயதில் பொறுப்பு

கலார்டி 1926-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கொலராடோ மாநிலத்தின் டிரினிடாட் என்னும் ஊரில் பிறந்தவர். இத்தாலியிலிருந்து குடியேறியவரின் மகன். 1943-இல் அவர் படித்த உயர்நிலைப் பள்ளியின் பயிற்சியாளர் இரண்டாம் உலகப் போருக்கு அழைக்கப்பட்டார். அணியே கலைந்துவிடும் நிலை. அணித் தலைவனாயிருந்த பதினாறு வயதுச் சிறுவன் கலார்டி, "நானே பயிற்சி தருகிறேன்" என்று முன்வந்தான்.

பொறுப்பேற்றதும் அவன் செய்த முதல் வேலை, தனக்கும் தன் தோழர்களுக்கும் துன்பமாயிருந்தவற்றை நீக்கியதுதான். பயிற்சியின்போது தண்ணீர் குடிப்பது கோழைத்தனம் என்று கருதப்பட்ட காலம் அது. அவன் தண்ணீர் குடிக்க விட்டான். குந்தியபடியே வாத்துபோல் நடக்கச் செய்யும் பயிற்சியைக் கைவிட்டான். அணி வெல்லத் தொடங்கியது.

1949 முதல் மொன்டானாவின் கரோல் கல்லூரியில் பணியாற்றிய அவர், 1953-இல் மினசோட்டா மாநிலத்தின் காலேஜ்வில்லிலுள்ள செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக்கு வந்தார். பெனடிக்டைன் துறவியர் 1857-இல் நிறுவிய, ஆடவர் மட்டும் பயிலும் கத்தோலிக்கக் கல்லூரி அது. 2012-இல் ஓய்வு பெறும் வரை, அறுபது பருவங்கள், அங்கேயே இருந்தார்.

"வேண்டாம்" என்ற பட்டியல்

அவருடைய முறை முழுவதும் வேண்டாம் என்பனவற்றின் பட்டியலாகவே அமைந்தது. ஊதல் வேண்டாம். கூச்சல் வேண்டாம். பயிற்சியில் ஒருவரை ஒருவர் வீழ்த்த வேண்டாம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பயிற்சி வேண்டாம். மழை பெய்தாலோ, வெயில் கடுமையானாலோ, கொசுத்தொல்லை மிகுந்தாலோ அன்றைய பயிற்சியும் வேண்டாம். சேர வந்த மாணவன் எவனையும் திருப்பி அனுப்ப வேண்டாம். அதனால் அவர் அணியில் நூற்றைம்பது பேருக்கு மேல் இருப்பது வழக்கம். "பயிற்சியாளர் ஐயா" என்று அழைக்கவும் வேண்டாம். ஜான் என்றாலே போதும்.

உடற்பயிற்சி நேரத்தில் மாணவர் புல்தரையில் மல்லாந்து படுத்து, "இன்று எவ்வளவு நல்ல நாள்!" என்று பக்கத்திலிருப்பவனிடம் சொல்வதும் ஒரு பயிற்சியாக இருந்தது. விதி என்று அவர் வற்புறுத்தியது ஒன்றே: பிறர் உன்னை எவ்வாறு நடத்த வேண்டும் என்று விரும்புகிறாயோ, அவ்வாறே நீ பிறரை நடத்து.

இதைக் கண்டு, பொழுதுபோக்காக ஆடிய அணி என்று எண்ணிவிடாதீர்கள். ஒவ்வோர் ஆட்ட அசைவையும், எவன் எந்த அடியை எங்கே வைக்க வேண்டும் என்பது வரை, பிழையில்லாமல் வரும்வரை மீண்டும் மீண்டும் செய்யவைத்தார். வேலையின் நுட்பத்தில் அவர் விட்டுக்கொடுத்ததே இல்லை. மனிதனை வதைப்பதைத்தான் விலக்கினார்.

2003: வெற்றிப் பருவம்

அந்தப் பருவம் தொடங்கியபோது அவர் கணக்கில் 400 வெற்றிகள் இருந்தன. கல்லூரிக் கால்பந்தின் உச்ச எண்ணிக்கையோ 408. லூசியானாவில் கறுப்பின மாணவருக்கெனத் தோன்றிய கிராம்ப்ளிங் கல்லூரியில் 1941 முதல் 1997 வரை பணியாற்றிய எட்டி ராபின்சன் என்னும் பெருந்தகையின் சாதனை அது.

வாரந்தோறும் வெற்றி சேர்ந்தது. நவம்பர் 8 அன்று, கலார்டிக்கு 77 வயது நிறைந்த மறுவாரம், பெத்தேல் அணியைச் சொந்தக் களத்தில் 29-26 என்ற கணக்கில் செயின்ட் ஜான்ஸ் வென்றது. வேறுபாடு மூன்றே புள்ளிகள். அது 409-ஆவது வெற்றி. அச்சிறிய ஊரில் அன்று 13,000 பேருக்கு மேல் திரண்டிருந்தனர்.

ஆயினும் பெருஞ்சோதனை மீதமிருந்தது. டிசம்பர் 20 அன்று வர்ஜீனியா மாநிலத்தின் சேலம் நகரில் இறுதிப் போட்டி. எதிரே நின்றது லாரி கேரஸ் பயிற்றுவித்த, ஒஹாயோவின் மவுண்ட் யூனியன் அணி. தொடர்ந்து 55 ஆட்டங்களில் தோல்வி காணாத அணி அது. 2000-ஆம் ஆண்டின் இறுதிப் போட்டியில் இதே அணியிடம் செயின்ட் ஜான்ஸ் 10-7 எனத் தோற்றிருந்தது. 2002-இன் அரையிறுதியிலும் தோற்றது.

இம்முறை கதை மாறியது. ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் எதிரணி எறிந்த பந்தை மைக் சாஹர் என்னும் மாணவர் தம் அணியின் கோட்டருகே இடைமறித்துப் பிடித்து, 100 கெஜம் ஓடிப் புள்ளியாக்கினார். முடிவு 24-6. ஆடிய 14 ஆட்டங்களிலும் வென்று செயின்ட் ஜான்ஸ் வாகை சூடியது. மூன்றாம் பிரிவின் சிறந்த வீரருக்கு 1993 முதல் வழங்கப்படும் விருது கலார்டியின் பெயரையே தாங்கியது. அவ்வாண்டு அதைப் பெற்றவரும் அவருடைய மாணவர் பிளேக் எலியட்டே.

காலம் சொன்ன தீர்ப்பு

2005-ஆம் ஆண்டில் டாக்டர் பென்னட் ஒமாலு, இறந்துபோன கால்பந்து வீரர் ஒருவரின் மூளையில் கண்ட நோயை மருத்துவ இதழில் வெளியிட்டார். தலையில் திரும்பத் திரும்ப விழும் அடி பிற்காலத்தில் அறிவையும் மனத்தையும் சிதைக்கக்கூடும் என்ற கவலை அதன்பின் நாடெங்கும் பரவியது. 2010-இல் டார்ட்மத் கல்லூரி பயிற்சியில் வீழ்த்துவதை நிறுத்தியது. 2016-இல் ஐவி லீக் கல்லூரிகளின் பயிற்சியாளர் அனைவரும், ஆட்டப் பருவத்துப் பயிற்சிகளில் அதை விலக்க வாக்களித்தனர். பிறர் அறிவியல் அறிந்து வந்தடைந்த இடத்தில், கலார்டி பல பத்தாண்டுகளுக்கு முன்பே நின்றிருந்தார்.

489 வெற்றி, 138 தோல்வி, 11 சமநிலை என்னும் கணக்கோடு விடைபெற்ற அவர், 2018 அக்டோபரில் தமது 91-ஆம் வயதில் மறைந்தார். கல்லூரிக் கால்பந்தில் அந்த 489-ஐ இன்றுவரை எவரும் எட்டவில்லை.

ஒருவருடைய வெற்றியைக் கொண்டு எல்லா வீட்டுக்கும் சட்டம் எழுதிவிட முடியாது என்பது உண்மையே. விரும்பி வந்த இளைஞரைப் பழக்குவது வேறு. அடம்பிடிக்கும் ஏழு வயதுப் பிள்ளையை எழுத உட்காரவைப்பது வேறு. ஆயினும் அன்புள்ள பெற்றோரே, அடுத்த முறை பிள்ளையின் மீது கை ஓங்கும்போது ஒன்றை எண்ணிப் பாருங்கள். கணக்கு தவறினால் அதே கணக்கைப் பத்து முறை பொறுமையாகப் போடவைப்பதும் கண்டிப்புதான். அதற்கு நம் நேரம் கூடுதலாகச் செலவாகும். பிரம்பை எடுப்பது நமக்கு எளிதாயிருப்பதன் காரணமும் ஒருவேளை அதுதானோ?