சாவி வாட்ச் ஜனதா, செல் வாட்ச் எட்ஜ்

ஆவடியில் டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை பிறந்த 1961-இல்தான், பெங்களூரில் எச்.எம்.டி. கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. தொழில்நுட்பம் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடையது. அம்பத்தூர் பட்டறைகளுக்கு எச்.எம்.டி. என்றால் லேத் மெஷின். லேத் செய்கிற கம்பெனியே வாட்சும் செய்ததால், மெஷின் ஓட்டியவர்களுக்கு அதன்மேல் தனி நம்பிக்கை. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் போட்டதும், ஷிப்ட் சங்குக்கு முன்னால் பார்த்துக்கொண்டதும் பெரும்பாலும் எச்.எம்.டி.தான். அதில் பெயர்பெற்ற மாடல் ஜனதா.

அதற்குப் பக்கத்தில் இன்றைக்கு வைத்துப் பார்க்கத் தகுந்தது டைட்டன் எட்ஜ். டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் கூட்டாக 1984-இல் தொடங்கிய நிறுவனம், தொழிற்சாலை ஓசூரில். 2002-இல் வந்த முதல் எட்ஜின் மொத்தத் தடிமன் 3.5 மில்லிமீட்டர், உள்ளிருக்கும் இயந்திரம் வெறும் 1.15 மில்லிமீட்டர். சில ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு ஜனதா கிடைத்துவிடும். எட்ஜில் பல மாடல்கள் பத்தாயிரத்தைத் தாண்டும்.

விலையை வைத்து மட்டும் ஏற்றத்தாழ்வு சொல்லிவிட முடியாது. ஜனதாவுக்கு தினமும் சாவி கொடுக்க வேண்டும். முறுக்கிய சுருள்வில் விரிய, பேலன்ஸ் சக்கரம் நொடிக்கு ஐந்து முறை துடிக்கிறது. 17 கற்கள், தேய்மானம் மிகுந்த இடங்களில் உராய்வைக் குறைக்கின்றன. நன்றாக இருக்கும் வாட்ச்கூட நாளொன்றுக்குச் சில நொடிகள் முன்பின் போகும். பழையதென்றால் நிமிடக்கணக்கிலும் போகும். எட்ஜில் பேட்டரி செல் கொடுக்கும் மின்சாரத்தில் குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. பிசகு மாதத்துக்குச் சில நொடிகளோடு நின்றுவிடும். ஆவடியிலிருந்து மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுகிறவருக்கு இந்தக் கணக்கு புரியும்.

ஆனால் பட்டறைக்குள் கதை வேறு. கிரைண்டிங் மெஷினில் இரும்பைப் பிடித்துவைக்கும் காந்தச் சக்குக்கு அருகே கை போனால், ஜனதாவின் மயிரிழைச் சுருள் காந்தமேறி, சுற்றுகள் ஒட்டிக்கொண்டு, வாட்ச் தாறுமாறாக வேகமெடுக்கும். ரிப்பேர் கடையில் காந்தம் நீக்கும் கருவியில் காட்டினால் சில நொடிகளில் சரியாகிவிடும். குவார்ட்ஸ் வாட்ச் வலுவான காந்தத்தருகே நின்றுபோகலாம். விலக்கினால் பெரும்பாலும் மறுபடி ஓடும், நேரத்தை மட்டும் திருத்த வேண்டும். இதில் எட்ஜுக்கே மதிப்பெண்.

ஜனதாவுக்கு ஒரு நல்ல பதிலடியும் உண்டு. ஒரு ஜாப் முடிய எத்தனை நொடி ஆகிறது என்று பார்க்க அதில் நொடிமுள் இருக்கிறது. பல எட்ஜ் மாடல்களில் மணி, நிமிடம் என்று இரண்டே முள். பேன்ட் ஷர்ட்டை இன் செய்து ஆபீசுக்குப் போகிறவருக்கு அது குறையாகத் தெரியாது, சூப்பர்வைசருக்குத் தெரியும்.

வியர்வை இன்னொரு விஷயம். சித்திரை வெயிலில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பைக் ஓட்டும் கையில் பழைய ஜனதா ஈரத்தை உள்ளே வாங்கும். டயலில் புள்ளிபுள்ளியாகக் கறை படியும். எட்ஜ் ஓரளவு தண்ணீர் தாங்கும். இருந்தாலும் அதன் மெலிந்த இயந்திரம் பழுதானால் தெருமுனைக் கடையில் யாரும் தொட மாட்டார்கள், சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். ஜனதாவைத் திறந்து, கழுவி, எண்ணெய் விட்டுக் கொடுக்கத் தெரிந்த மூத்த மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள்.

எச்.எம்.டி.யின் கடிகார நிறுவனத்தை மூட மத்திய அரசு 2016-இல் முடிவெடுத்த பிறகு, பழைய வாட்சுகளுக்கு மவுசு கூடியது. கூடவே போலியும் வந்தது. கறை படிந்த டயலைச் சுரண்டி, கண்ணைப் பறிக்கும் பச்சை, ஆரஞ்சு நிறத்தில் புதிதாக அச்சடித்து விற்கிறார்கள்; சேகரிப்பாளர்கள் இதை 'மும்பை ஸ்பெஷல்' என்கிறார்கள். எழுத்து கோணலாகவோ மை பிசிறியோ இருந்தால் பின்மூடியைத் திறந்துகாட்டச் சொல்ல வேண்டும். திறக்க மறுக்கும் கடைக்காரரிடம் பேரம் பேசிப் பயனில்லை.