பவள வீட்டுக் காவல்காரன்! முள் அரக்கனை விரட்டும் குட்டி நண்டு

கட்டைவிரல் நகத்தின் அளவே உள்ள ஒரு நண்டு. எதிரே ஓர் அடிக்கு மேல் அகலமுள்ள எதிரி. அதன் உடம்பெல்லாம் விஷ முள்!

நண்டு ஓடி ஒளிகிறதா? இல்லை. எதிர்த்து நின்று சண்டை போடுகிறது. எதிரியைத் துரத்தியும் விடுகிறது!

இந்த நண்டின் பெயர் டிரபீசியா. "காவல் நண்டு" என்றும் சொல்கிறார்கள். இதில் பல வகைகள் உண்டு. பசிபிக் பெருங்கடல், இந்துமகா சமுத்திரம், செங்கடல் ஆகிய இடங்களில் பவளப் பாறைகளில் இவை வாழ்கின்றன.

கல் அல்ல, உயிர்!

பவளத்தைக் கல் என்று நினைத்துவிடாதீர்கள். கடுகளவே உள்ள ஆயிரக்கணக்கான பிராணிகள் ஒன்றாகச் சேர்ந்து வாழும் வீடு அது. அந்தப் பிராணிகளே சுண்ணாம்பினால் அதைக் கட்டுகின்றன. செடியைப்போல அது கிளைவிட்டு வளருகிறது.

அந்தக் கிளைகளின் இடுக்கில்தான் நண்டு குடியிருக்கிறது. பெரும்பாலும் கணவனும் மனைவியுமாக ஒரு ஜோடி இருக்கும். அதே வகை நண்டு வேறு ஒன்று உள்ளே நுழைந்தால் அடிதடிதான்!

சாப்பாடும் அங்கேதான். பவளத்தின் உடம்பில் பசை போன்ற ஒரு பொருள் சுரக்கிறது. அதில் கொழுப்புச் சத்தும் உண்டு. நண்டின் கால்களில் சீப்புப் போன்ற மயிர்கள் இருக்கின்றன. அவற்றால் பசையை வாரி எடுத்துத் தின்கிறது.

இருக்க இடம், தின்ன உணவு. இதற்கு நண்டு கொடுக்கும் வாடகை என்ன? காவல்!

முள் அரக்கன்

பவளத்துக்குப் பெரிய எதிரி, முள்முடி நட்சத்திர மீன். பெயரில்தான் மீன். உண்மையில் அது மீன் அல்ல. அதற்கு 15, 20 கைகள்கூட இருக்கும்.

அது சாப்பிடும் விதம் பயங்கரமானது. பவளத்தின்மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும். தன் வயிற்றை வாய் வழியாக வெளியே தள்ளும். பவளத்தின் சதையைக் கரைத்து உறிஞ்சிவிடும். அது நகர்ந்துபோன பிறகு வெள்ளை எலும்புக்கூடுதான் மிச்சம்!

இந்த அரக்கன் வந்ததும் நண்டு வெளியே பாய்கிறது. எதிரியின் அடிப்புறத்தில் சின்னஞ்சிறு குழாய்க் கால்கள் இருக்கின்றன. அவற்றைக் கொடுக்கினால் நறுக்குகிறது. முள்ளைப் பிடித்து ஒடிக்கிறது. மேலும் கீழுமாக ஆட்டுகிறது. தொல்லை தாங்காமல் அரக்கன் வேறு இடம் தேடிப் போய்விடுகிறது.

துப்புரவு வேலை

இன்னொரு வேலையும் உண்டு. பவளத்தின்மேல் மண் விழுந்தால் நண்டு அதைத் தள்ளி எறிகிறது. மண் மூடினால் பவளம் செத்துவிடுமே!

தாகிதி தீவுக்குப் பக்கத்தில் மூரியா என்ற தீவு இருக்கிறது. அங்கே விஞ்ஞானிகள் ஒரு சோதனை நடத்தினார்கள். முடிவை 2006-ம் ஆண்டு வெளியிட்டார்கள். நண்டு இருந்த பவளங்கள் எல்லாம் பிழைத்தன. நண்டை எடுத்துவிட்ட பவளங்களில் 100-க்கு 45 முதல் 80 வரை ஒரு மாதத்துக்குள் செத்துப்போயின!

புதிய ஆபத்து

நட்சத்திர மீனைத் துரத்தும் நண்டுக்கும் துரத்த முடியாத எதிரி ஒன்று உண்டு. அது வெப்பம்.

பவளத்தின் உடம்புக்குள் நுண்ணிய பாசிகள் வாழ்கின்றன. பவளத்துக்குச் சோறு போடுபவை அவைதான். கடல் நீர் அளவு மீறிச் சூடானால் பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. நிறம் போய் வெளுக்கிறது. 2016-ம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத் திட்டில் இப்படி ஏராளமான பவளங்கள் வெளுத்தன.

வெளுத்த பவளம் பட்டினி கிடக்கிறது. அதை நம்பிய நண்டுக்கும் உணவு குறைகிறது. முட்டைகள் குறைகின்றன. நாளடைவில் நண்டு வீட்டைக் காலி செய்து போய்விடுகிறது. பவளம் நோயாளியாகக் கிடக்கும் நேரத்தில் காவல்காரனும் இல்லை!

உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைக்காதே என்பார்கள். இந்த நண்டு இரண்டகம் நினைப்பதில்லை. ஆனால் வீடே பட்டினி கிடந்தால், பாவம், காவல்காரன் என்ன செய்வான்?