வாராத பெட்டியும் வந்த செய்தியும்

2025 டிசம்பர் மாதத்தின் இரண்டாம் வாரம். நண்பகல் உணவு முடிந்து சற்றே கண்ணயர்ந்திருந்த வேளையில், மேசைமேல் கிடந்த கைப்பேசி சிணுங்கிற்று. எடுத்துப் பார்த்தோம். அஞ்சல் துறையின் பெயரால் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்திருந்தது. நம் பெயருக்கு ஒரு பார்சல் கிடங்கிற்கு வந்துவிட்டதாம். இரண்டு முறை வீடுவரை கொண்டுவந்தும் முகவரி முழுமையாக இல்லாமையால் கொடுக்க இயலவில்லையாம். பன்னிரண்டு மணி நேரத்திற்குள் முகவரியைத் திருத்தித் தராவிடில் பார்சல் அனுப்பியவருக்கே திரும்பிவிடுமாம். கீழே நீல நிறத்தில் ஓர் இணைய முகவரி.

வேறொரு நாளாயின் இதனைப் படித்துவிட்டு மறந்திருப்போம். ஆனால் அந்த நாள்களில் நம் இல்லத்தில் பார்சல் ஒன்றன்றி வேறு பேச்சே கிடையாது. அயர்லாந்தில் செவிலியராகப் பணிபுரியும் நம் மூத்த மகள், தன் குழந்தையின் திருமுழுக்குப் படங்களையும், தாய்க்கென ஒரு கம்பளிச் சட்டையையும், இன்னும் என்னென்னவோ சிறு பொருள்களையும் ஒரு பெட்டியில் இட்டு நவம்பர் இறுதியிலேயே அனுப்பியிருந்தாள். பேரக்குழந்தையை நாம் இன்னும் நேரில் கண்டதில்லை. கிறிஸ்து பிறப்பு விழாவிற்குள் அந்தப் படங்களைச் சட்டமிட்டு, குடிலுக்கு அருகில் வைத்துவிட வேண்டும் என்பது துணைவியாரின் ஆசை.

"என்னங்க, பிள்ளை அனுப்பிய பெட்டியாகத்தான் இருக்கும். உடனே முகவரியைக் கொடுத்துவிடுங்கள். திரும்பிப் போய்விட்டால் மறுபடி எப்போது வரும்?" என்றார் அவர்.

உண்மையைச் சொன்னால், நம் விரலும் அந்த நீல எழுத்துகளை நோக்கிச் சென்றுவிட்டது. அழுத்தினோம், திறக்கவில்லை. அப்போதுதான் செய்தியின் அடியில் இருந்த மற்றொரு வரி கண்ணில் பட்டது. 'ஒய்' என்னும் ஆங்கில எழுத்தைப் பதிலாக அனுப்பி, செய்தியை மூடி மீண்டும் திறந்தால் இணைப்பு இயங்கும் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. அரசுத் துறை ஒன்று தன் கதவைத் திறப்பதற்கு இத்தகைய மந்திரம் எதற்கு? முதல் ஐயம் அங்கேதான் முளைத்தது.

நம்மிடம் உள்ளது மகன் பயன்படுத்திக் கழித்துத் தந்த ஐபோன். அறியாதவரிடமிருந்து வரும் செய்தியில் உள்ள இணைப்பை அக்கருவி தானாகத் திறக்க விடுவதில்லை. நாம் ஒரு பதில் அனுப்பிவிட்டால், அனுப்பியவரை நாம் அறிவோம் என்று எண்ணித் தடையை நீக்கிவிடுகிறது. ஆகவே காவலாளியை நம் வாயாலேயே விலகச் சொல்லும் சூழ்ச்சி அது. இதனைப் பிற்பாடு மகன் விளக்கித்தான் அறிந்துகொண்டோம்.

அனுப்பியவரின் எண்ணைப் பார்த்தோம். நம் நாட்டு எண்ணாகவே இல்லை. நம் நாட்டில் துறைகளும் வங்கிகளும் கடைகளும் மொத்தமாக அனுப்பும் குறுஞ்செய்திகள் பத்து இலக்க எண்ணிலிருந்து வருவதில்லை. ஆங்கில எழுத்துகளால் ஆன ஒரு பெயர்க்குறியுடனேயே வரும். 2025ஆம் ஆண்டில் அதற்கும் ஒரு வால் சேர்க்கப்பட்டது. விளம்பரமாயின் 'பி', சேவைச் செய்தியாயின் 'எஸ்', பரிவர்த்தனைச் செய்தியாயின் 'டி', அரசின் செய்தியாயின் 'ஜி' என்னும் எழுத்து இறுதியில் நிற்கும். நமக்கு வந்ததில் பெயர்க்குறியும் இல்லை, வாலும் இல்லை.

இத்தனையும் கண்ட பின்னரும் துணைவியார் ஒப்பவில்லை. "பெட்டி திரும்பிவிட்டால் யார் பொறுப்பு?" என்பதே அவருடைய கேள்வி. நியாயமான கேள்விதான். பொய்யென்று ஒதுக்கியது மெய்யாக இருந்துவிட்டால் இழப்பு நம்முடையதன்றோ? எனவே சட்டையை மாட்டிக்கொண்டு அஞ்சலகத்திற்கே புறப்பட்டோம்.

அஞ்சலகத்தில்

சாளரத்தின் பின்னே அமர்ந்திருந்த பெண்மணி செய்தியை முழுவதும் படிக்கக்கூட இல்லை. "ஐயா, இதே செய்தியோடு இந்த வாரத்தில் நீங்கள் நான்காவது ஆள்" என்றார். முகவரியைத் திருத்துமாறு இணைப்புடன் அஞ்சல் துறை செய்தி அனுப்புவதே இல்லை என்றும், அத்தகைய செய்தி போலி என்றும் மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் 2024ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டதாம். பின்னர் அவர் கேட்டதுதான் முக்கியமான கேள்வி: "உங்கள் மகள் அனுப்பிய பார்சலின் எண் என்ன?"

அந்த எண்ணை மகள் அன்றே எழுதி அனுப்பியிருந்தாள். நாம்தான் அதனைப் பொருட்படுத்தவில்லை. எல்லாருக்கும் பயன்படும் செய்தியாதலால் இவ்விடத்தில் சற்று நின்று சொல்ல விரும்புகிறோம். 1874ஆம் ஆண்டில் தோன்றி, சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் இயங்கிவரும் உலக அஞ்சல் ஒன்றியம், நாடுவிட்டு நாடு செல்லும் பதிவுபெற்ற பொருள்களுக்கு ஒரே வகையான எண்ணை வகுத்திருக்கிறது. அது பதின்மூன்று குறிகள் கொண்டது. முதலில் இரண்டு ஆங்கில எழுத்துகள், நடுவில் ஒன்பது இலக்கங்கள், இறுதியில் அனுப்பிய நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள். முதலெழுத்து 'சி' என்றால் பார்சல். 'ஈ' என்றால் விரைவு அஞ்சல். இறுதி எழுத்துகள் அயர்லாந்திற்கு 'ஐ', 'ஈ'. இந்தியாவிற்கு 'ஐ', 'என்'.

நடுவிலுள்ள ஒன்பது இலக்கங்களில் கடைசி இலக்கம் ஒரு காவலன். முதல் எட்டு இலக்கங்களை முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகையைப் பதினொன்றால் வகுத்து, மீதியைப் பதினொன்றிலிருந்து கழித்தால் கிடைப்பதே ஒன்பதாம் இலக்கம். (விடை 10 ஆயின் 0 என்றும், 11 ஆயின் 5 என்றும் கொள்வர்.) எடுத்துக்காட்டாக 47312482 என்னும் எட்டு இலக்கங்களைப் பெருக்கிக் கூட்டினால் 200 வரும். அதனைப் பதினொன்றால் வகுத்தால் மீதி 2. பதினொன்றில் இரண்டு போக 9. ஆகவே முழு எண் 473124829. வீட்டில் கணக்குப் பயிலும் பிள்ளைகள் இருப்பின் பழைய அஞ்சல் உறைகளை எடுத்துக் கொடுங்கள். ஒரு மாலைப்பொழுது நன்றாகக் கழியும். நாமும் செய்து பார்த்தோம். மகள் தந்த எண் சரியாக வந்தது. நமக்கு வந்த செய்தியிலோ எட்டே குறிகள்தாம் இருந்தன. ஆயினும் ஓர் எச்சரிக்கை: கணக்கு அறிந்த வஞ்சகன் சரியான எண்ணையும் புனைந்துவிட முடியும். கணக்குத் தவறினால் போலி என்று துணியலாம். கணக்குச் சரியானதால் மட்டும் மெய் என்று துணிதல் ஆகாது.

அலுவலர் நம் எண்ணைக் கணினியில் இட்டுப் பார்த்தார். பெட்டி சென்னையை அடைந்து சுங்கப் பரிசோதனையில் இருந்தது. நம் ஊருக்கே வந்து சேராத பெட்டியை இரண்டு முறை நம் வாசலுக்குக் கொண்டுவந்தவர் யாரோ!

"வரி விதித்தாலும் முன்கூட்டியே எங்கும் கட்ட வேண்டாம் ஐயா. பெட்டியைக் கையில் தரும்போதுதான் வாங்குவோம், ரசீதும் தருவோம்" என்றார் அவர். தனியார் கூரியர் நிறுவனங்களின் வழக்கம் இதனின்றும் வேறு. அவை அடையாளச் சான்றினையும் சுங்கவரியையும் இணையவழியே கேட்பது உண்டு. அப்போதும் செய்தியில் வந்த இணைப்பைத் தொடாமல், அனுப்பியவர் தந்த எண்ணைக் கொண்டு நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் தேடுவதே தக்க வழி.

இருபத்தைந்து ரூபாய்த் தூண்டில்

அந்த நீல இணைப்பை அழுத்தியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? 2024 ஜூலையில் ஃபோர்ட்டினெட் என்னும் கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதே வகைச் செய்திகளை ஆராய்ந்து வெளியிட்டனர். இந்திய அஞ்சல் துறையின் பெயரைப் போலத் தோன்றும் இணைய முகவரிகள் அவ்வாண்டின் முதல் ஏழு மாதங்களுக்குள் 470க்கு மேல் பதிவு செய்யப்பட்டிருந்தனவாம். இணைப்பின் வழியே சென்றால் அஞ்சல் துறையின் சின்னத்தோடு ஒரு பக்கம் விரியும். பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைக் கேட்டபின், மீண்டும் கொண்டுவந்து தருவதற்கென ஏறத்தாழ இருபத்தைந்து ரூபாய் கேட்கும். இருபத்தைந்து ரூபாய்க்காக யார் ஐயுறுவார்? அங்கேதான் சூது இருக்கிறது. அவர்கள் விரும்புவது அந்தச் சிறு தொகையை அன்று. அதனைச் செலுத்துவதற்காக நாம் எழுதித் தரும் வங்கி அட்டையின் எண்ணையும் மறைகுறியையுமே.

2021ஆம் ஆண்டில் இங்கிலாந்து மக்களிடம் அந்நாட்டு அஞ்சல் துறையின் பெயரால் ஏறத்தாழ மூன்று பவுண்டு கேட்டு இவ்வாறே செய்திகள் பரவின. அங்கே சிலருக்குச் சில நாள்கள் கழித்து இரண்டாவது அடி விழுந்தது. வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவர் அழைப்பார். பெயர், முகவரி, அட்டை எண் எல்லாம் அவரே சொல்வார். "உங்கள் கணக்கில் திருடர்கள் புகுந்துவிட்டனர், பணத்தைப் பாதுகாப்பான வேறு கணக்கிற்கு மாற்றுங்கள்" என்பார். இத்தனை விவரம் அறிந்தவர் வங்கியாளராகத்தானே இருக்க வேண்டும் என்று நம்பியவர்கள் சேமிப்பை இழந்தனர்.

இணைய முகவரியை ஆராய்வதற்கும் எளிய முறை ஒன்று உண்டு. தொடக்கத்தில் இரட்டைச் சாய்கோடு இருப்பின் அதனை விட்டு, அதன்பின் வரும் முதல் சாய்கோட்டை எட்டியவுடன் நின்று, அங்கிருந்து பின்னோக்கிப் படிக்க வேண்டும். நம் அரசின் தளமாயின் அவ்விடத்தில் பெரும்பாலும் 'ஜி-ஓ-வி புள்ளி ஐ-என்' என்று முடிந்திருக்கும். அந்த முடிவு அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே வழங்கப்படுவது. முன்னே 'இந்தியாபோஸ்ட்' என்று எழுதிக்கொள்ள எவராலும் முடியும். பெயரை யாரும் சூட்டிக்கொள்ளலாம், குடும்பப் பெயர்தான் கடினம்.

குழப்பம் விளைக்கக்கூடிய மற்றொன்றையும் அஞ்சலகத்தில் அறிந்தோம். பதிவு அஞ்சல் சேவை 2025ஆம் ஆண்டில் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்ட பின்னர், கைப்பேசிக்கு வரும் ஓடிபி எண்ணைச் சொல்லிப் பொருளைப் பெறும் வசதியும் வந்திருக்கிறது. அந்த எண்ணைச் சொல்ல வேண்டிய இடம் நம் வாசல்; சொல்ல வேண்டியவர் பொருளோடு நிற்கும் அஞ்சல்காரர். தொலைபேசியில் அழைத்து எண்ணைக் கேட்பவருக்குச் சொன்னால் அது வங்கிக் கணக்கின் திறவுகோலாகவும் இருந்துவிடலாம்.

ஆசிரியைக்கு வந்த அழைப்பு

நமக்கு நேர்ந்தது சிறு தொல்லை. நம் அன்பியத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு நேர்ந்ததோ பெருந்துயர். கணவரை இழந்து தனியே வாழ்பவர் அவர். அவருக்கு வந்தது, பார்சல் கொடுக்கும் செய்தியன்று. பார்சல் பிடிபட்ட செய்தி. அவருடைய ஆதார் எண்ணைக் கொண்டு மும்பையிலிருந்து அனுப்பப்பட்ட பெட்டியில் போதைப்பொருள் இருந்ததாம். அழைப்பு உடனே 'காவல்துறை அதிகாரி' ஒருவருக்கு மாற்றப்பட்டது. கைப்பேசித் திரையில் சீருடையோடு தோன்றிய அவர், விசாரணை முடியும்வரை கருவியை அணைக்கவோ, எவரிடமும் பேசவோ கூடாது என்று கட்டளையிட்டார். முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளைக் கைகட்டி நிற்க வைத்தவர், அன்று காலைமுதல் நாற்காலியில் அசையாமல் அமர்ந்திருந்தார்.

குடில் அமைக்க நன்கொடை கேட்டு உபதேசியார் தற்செயலாகக் கதவைத் தட்டியிராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ! அழுத கண்களோடு கதவைத் திறந்தவரைக் கண்டு அவர் உள்ளே வந்தார். திரையில் இருந்த 'அதிகாரி' மறைந்தார். ஆனால் அதற்குள் நாற்பதாயிரம் ரூபாய் போய்விட்டது. உபதேசியாரே 1930 என்னும் எண்ணை அழைத்துப் புகார் பதிவு செய்வித்தார். இணையக் குற்றத்தில் பணம் இழந்தோர்க்கென நாடு முழுவதற்கும் உள்ள எண் அது. விரைந்து அழைத்தமையால் தொகையின் ஒரு பகுதி மற்றொரு வங்கியில் தடுத்து நிறுத்தப்பட்டது. எஞ்சியது கை மாறிக் கை மாறிச் சென்றுவிட்டது.

திரைவழிக் கைது என்று நம் நாட்டுச் சட்டத்தில் ஒன்றும் இல்லை என்பதைப் பிரதமர் தம் 2024 அக்டோபர் 27ஆம் நாள் வானொலி உரையிலேயே எடுத்துச் சொல்லியிருந்தார். ஆசிரியையும் அதனைச் செய்தித்தாளில் படித்தவர்தாம். "படித்தது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லையே" என்று அவர் சொன்னபோது நாம் மறுமொழி கூறவில்லை. நம் விரல் அந்த நீல எழுத்துகளை நோக்கிச் சென்றது நமக்கு நினைவிருந்தது.

பெட்டி வந்த கதை

இத்தனை பாடங்களுக்குப் பின் நாம் எத்துணை எச்சரிக்கையாக இருந்தோம் என்றால், டிசம்பர் 19ஆம் நாள் அறியாத எண்ணிலிருந்து வந்த அழைப்பை இரண்டு முறை துண்டித்தோம். மூன்றாம் முறை கைப்பேசியையே அணைத்துவிட்டோம். மாலையில் ஆலயத்திலிருந்து திரும்பியபோது வாசற்கதவின் இடுக்கில் அஞ்சல் துறையின் அறிவிப்புச் சீட்டு செருகப்பட்டிருந்தது.

மறுநாள் அஞ்சல்காரரே மிதிவண்டியில் வந்து இறங்கினார். பின்னால் நம் மகளின் கையெழுத்தோடு பெட்டி. "ஐயா, நேற்று மூன்று தடவை கூப்பிட்டேன். என்னைத் திருடன் என்று நினைத்துவிட்டீர்களா?" என்றார். துணைவியார் நம்மைப் பார்த்தார். அன்று அவர் ஒன்றும் சொல்லாமல் விட்டது அவருடைய பெருந்தன்மை.

வரியைச் செலுத்தி ரசீதைப் பெற்றுக்கொண்டோம். படங்கள் நலமாக வந்து சேர்ந்திருந்தன. கம்பளிச் சட்டை மட்டும் இரண்டு அளவு பெரியது. அயர்லாந்துக் குளிருக்கு ஏற்றது போலும். அஞ்சல்காரர் காபி அருந்திவிட்டுப் புறப்படுமுன், துணைவியார் அவருடைய கைப்பேசி எண்ணைக் கேட்டு வாங்கி, 'தபால்காரர் தம்பி' என்று நம் கருவியிலும் தம் கருவியிலும் பதிந்து வைத்தார்.